தோமையாருக்கு யாரு சோறு போட்டா?

போன ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி வகுப்புல ஒரு சின்னப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. அன்னிலேர்ந்து சமைக்கும்போதும் அதே நெனப்பு, பஸ்ல நிக்கும்போதும் அதே நெனப்பு. எழுதிட்டா கொஞ்சம் இறங்கும்னு உட்கார்ந்திருக்கேன். நீளமாத்தான் போகும். ஒரு காபி போட்டுட்டு வந்துடுங்க.

ரெண்டாம் பூசை முடிஞ்சதும் பிள்ளைங்களுக்கு வகுப்பு. நான் எடுக்கறது ஏழாங் கிளாஸ், மொத்தம் பதினோரு பேரு. அன்னிக்குப் பாடம், இயேசு சாப்பிட்ட வீடுகள். கானாவூர் கல்யாண வீடு, சக்கேயு வீடு, மார்த்தா மரியா வீடு, எம்மாவு. (நற்செய்தியைக் கவனிச்சுப் படிச்சுப் பாருங்க. அவரு எப்பப் பாத்தாலும் யார் வீட்லயாவது சாப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. பாவிங்களோட உட்கார்ந்து சாப்பிடறாருன்னு அதுக்கே பேச்சும் வாங்கினாரு.)

பாடம் முடிஞ்சு பத்து நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. சும்மா கேட்டேன். "இயேசுவைத் தவிர வேற யாரையாவது உங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம்னா யாரைக் கூப்பிடுவீங்க? உயிரோட இருக்கறவங்க, இறந்தவங்க, யாரா வேணா இருக்கலாம்."

தோனி. ஏ.ஆர்.ரகுமான். அன்னை தெரசா. மறுபடியும் தோனி. ஒரு பையன் செத்துப்போன தாத்தாவைச் சொன்னான். (அவனைக் கிட்ட கூப்பிட்டுத் தலையைத் தடவிக் குடுத்தேன்.)

கடைசி பெஞ்சுல இருந்த பொண்ணு எந்திரிச்சு, "தோமையார் மிஸ்"னா.

ஏன்மா?

"அவரு அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தாருல்ல. இங்க யாரையும் தெரியாது. நம்ம பாஷையும் தெரியாது. அப்ப இங்க அவருக்கு யாரு மிஸ் சோறு போட்டா?"

எனக்குப் பதில் வரல.

யோசிச்சுப் பாருங்க. நாம இருக்கறது மயிலாப்பூர். சாந்தோம் கோபுரம் எங்க மொட்டை மாடிலேர்ந்து தெரியும். இயேசுவோட சீடர் தோமையார் ஒளிஞ்சிருந்த குகைன்னு சின்னமலையைக் காட்டுறோம். ஈட்டியால குத்தின இடம்னு பரங்கிமலையைக் காட்டுறோம். கி.பி. 72னு வருஷமே சொல்றோம். 13ஆம் நூற்றாண்டு கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, யாத்திரை வர்றவங்க அவர் கொல்லப்பட்ட இடத்து மண்ணை மருந்துக்கு எடுத்துட்டுப் போறாங்கன்னு எழுதி வச்சிருக்காரு. போர்த்துகீசியர் 1523ல சாந்தோம்ல கட்டின கோயில் போய், இப்ப நாம பாக்கற வெள்ளைக் கோயில் 1896ல வந்தது. இதெல்லாம் எங்க வகுப்புப் பிள்ளைங்க தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

குத்தினவனைப் பத்தி இவ்ளோ கதை இருக்கு. சோறு போட்டவங்களைப் பத்தி ஒரு வரி இல்ல.

அன்னிக்கு ராத்திரி காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் ஒரு பட்டியல் எழுத ஆரம்பிச்சேன். எங்க வீட்டு மொட்டை மாடி. ஒரே பந்தி. யார் யாரைக் கூப்பிடறது, யாருக்கு என்ன சமைக்கறது, யார் பக்கத்துல யாரை உட்கார வைக்கறது. முதல் பேரு தோமையார். அவளுக்காக.

அவருக்கு என்ன சமைக்கறது?

இதுக்கு மட்டும் பைபிள்லயே துப்பு இருக்கு. யோவான் 21. உயிர்த்த இயேசு விடியக்காலைல ஏரிக்கரையில கரி அடுப்பு மூட்டி, மீனும் ரொட்டியும் வச்சுக்கிட்டுக் காத்திருக்காரு. ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் கிடைக்காம, அவர் சொன்னப்புறம் 153 மீன் பிடிச்சுட்டுக் கரைக்கு வர்றாங்க ஏழு பேரு. அந்த ஏழு பேர்ல தோமாவும் ஒருத்தர்னு யோவான் பேரு சொல்லியே எழுதறாரு. காயத்துல விரல் விட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னு சொன்ன அதே ஆளு. அடுத்த அதிகாரத்துலயே அந்தக் கையாலதான் மீன் வாங்கிச் சாப்பிடறாரு. எத்தனை தடவை இந்த வாசகத்தைப் பூசையில கேட்டிருப்பேன்! இந்த வாரம்தான் எனக்கு இது உறைச்சுது.

அது எந்த மீன்னு யோவான் எழுதல. ஆனா அந்த கலிலேயா ஏரியில இன்னிக்கும் பேர் போனது 'பேதுரு மீன்'. அது நம்ம ஜிலேபி மீனோட சொந்தக்காரன். ஆமா, ஏரியில கிடைக்குமே, கறுப்பா, முதுகுல முள்ளு முள்ளா, அதே ஜிலேபிதான். நம்ம ஜிலேபியும் இந்த ஊர்க்காரன் கிடையாது. ஆப்பிரிக்காப் பக்கத்து மீனு. 1952லதான் இந்தியாவுக்குக் கொண்டாந்து விட்டாங்க.

லூப் ரோடு மார்க்கெட்ல எனக்கு வழக்கமா மீன் குடுக்கற அக்காகிட்ட போய் ஜிலேபி வேணும்னேன்.

"இன்னாம்மா நீ, கடக்கரைல வந்து ஏரி மீனு கேக்குற? சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போ. சுடறதுக்கா? சங்கரா எடுத்துக்கோ."

எதுக்குன்னு சொன்னேன். அக்கா மாரியம்மன் பக்தை. ஆனா சாந்தோம் மாதா தேர் வந்தா முதல் ஆளா நிப்பாங்க. அரை நிமிஷம் யோசிச்சுட்டு, "தோமையாருக்கா? அப்ப அவரு ஊரு மீனே வாங்கு. ஆனா செதிலு எடுக்காத. வயித்த மட்டும் கீறி குடலை எடுத்துடு. சுடறப்ப செதிலுதான் அதுக்குச் சட்டி"ன்னாங்க.

செதிலுதான் அதுக்குச் சட்டி. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவங்க பேரையும் பட்டியல்ல எழுதிக்கிட்டேன்.

சைதாப்பேட்டையில வாங்கின முதல் நாலு மீனை, மார்க்கெட்ல வெட்டறவர் பழக்க தோஷத்துல பளபளன்னு செதில் எடுத்தே குடுத்துட்டாரு. சரின்னு அதையே சுட்டேன். ரங்கநாதன் தெருவுல வாங்கின இரும்பு வலை, தெருமுனை இஸ்திரிக்காரர் குடுத்த கரி. மீனைத் திருப்பும்போது தோலும் சதையும் வலையோட போயிடுச்சு, கையில முள்ளுதான் மிச்சம். ரெண்டாவது தடவை நின்னு, செதிலோட கேட்டு வாங்கினேன். கரி நல்லா கனிஞ்சு, மேல வெள்ளையா சாம்பல் பூத்தப்புறம் வச்சேன். கல்லுப்பு மட்டும். பத்து நிமிஷத்துல செதிலும் தோலும் கறுத்து ஒரு ஓடு மாதிரி ஆயிடுச்சு. விரலால நெம்பினா மொத்தமா கழண்டு வருது. உள்ள வெள்ளை வெளேர்னு சதை, ஆவி பறக்குது. ஒரு பன்னைப் பிச்சு வச்சு, மாடியில நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். எதிர்ல சாந்தோம் கோபுரம். மனசு என்னவோ பண்ணுச்சு.

தோமையார் பக்கத்துல ஜோ டி குரூஸை உட்கார வைக்கணும். (உயிரோட இருக்கறவங்களும் வேணும்ல.) உவரிக்காரர். 'ஆழி சூழ் உலகு' எழுதினவர், 'கொற்கை'க்கு 2013ல சாகித்ய அகாதெமி வாங்கினவர். கடல் தெரிஞ்ச ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தா பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. வலை, காத்து, நீரோட்டம்னு போய்க்கிட்டே இருக்கும். நான் பரிமாறிக்கிட்டே காது குடுப்பேன்.

சரி. இப்ப கஷ்டமான விருந்தாளி.

ராபர்ட் தெ நோபிலி. தத்துவ போதகர்னு நம்ம ஊர்ப் பேரு. 1577ல ரோமாபுரியில பெரிய வீட்டுல பிறந்து, 1606ல மதுரைக்கு வந்தவர். காவி உடுத்தினாரு, குடுமி வச்சாரு, பூணூல் போட்டாரு, கட்டைச் செருப்பு. தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு மூணும் படிச்சாரு. கோவில், பூசை, வேதம்னு நாம ஞாயித்துக்கிழமை சர்வ சாதாரணமா சொல்ற வார்த்தைங்க கிறிஸ்தவத் தமிழுக்குள்ள வந்ததுல அவருக்குப் பெரிய பங்கு. அவர் இறந்தது எங்கன்னு தெரியுமா? இதே மயிலாப்பூர்ல. 1656, ஜனவரி 16. கண் பார்வை மங்கிப்போய், எழுதினதையெல்லாம் திருத்திக்கிட்டே கடைசி வருஷங்களை இங்கதான் கழிச்சாரு. நான் தினமும் பால் வாங்கப் போற தெரு வழியாக்கூட அவர் நடந்திருக்கலாம்.

அவ்ளோ பெரிய மனுஷன். நான் அவரை மதிக்கறேன். ஆனா சாப்பாட்டு விஷயத்துல எனக்கு அவர் மேல கோபம் இருக்கு. நிஜமான கோபம்.

பிராமண சமையல்காரர் பொங்கின சைவச் சாப்பாடு, ஒரு நாளைக்கு ஒரு வேளை. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா மதுரையில அவருக்கு முன்னாடியே இருந்த பெர்னாண்டஸ் சாமியார் பரவர்களோட பழகறவர்ங்கறதால, அவரோட சேர்ந்து சாப்பிடறதையே நிறுத்திக்கிட்டாரு. தனி வீடு, தனி அடுப்பு. சாதி ஊர்ப் பழக்கம், வேதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு அவர் நினைச்சாரு. மேல்சாதிக்காரங்க காது குடுக்கணும்னா இதுதான் வழின்னு நம்பினாரு. அவர் மனசுல வஞ்சகம் இருந்திருக்காதுன்னு நானும் நம்பறேன். ஆனா ஒரே அப்பத்தைப் பிட்டுக் குடுத்தவர் பேரைச் சொல்ல வந்துட்டு, பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட மாட்டேன்னா எப்படி?

பின்னாடி வந்த எல்லாத்தையும் அவர் ஒருத்தர் தலையில கட்ட மாட்டேன். ஆனா வந்தது வந்துதான். கோயிலுக்குள்ள தனி இடம், கல்லறைத் தோட்டத்துல நடுவுல சுவர். இன்னிக்கும் கிறிஸ்தவக் கல்யாணத் தகவலைப் பாருங்க, ஞானஸ்நானப் பேருக்குப் பக்கத்துலயே சாதிப் பேரும் இருக்கும். போன வருஷம் எங்க அண்ணன் பொண்ணுக்கு ஒரு வரன் வந்துச்சு. கையில ஜெபமாலையை வச்சுக்கிட்டே ஒரு பெரியம்மா கேட்டாங்க, "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு. எங்க அண்ணன், "சாந்தோம் பங்கு ஆளுங்க"ன்னுட்டு காபி டம்ளரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுட்டான். அந்தச் சம்பந்தம் அத்தோட சரி.

அதனால நோபிலிக்கு இடம் எங்கன்னு ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கல. அவர் இலைக்குப் பக்கத்து இலை தேவசகாயத்தோடது.

தேவசகாயம் கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 1712ல நட்டாலத்துல பிறந்தவர், நீலகண்டன்னு பேரு. திருவிதாங்கூர்ல மார்த்தாண்ட வர்மா ராஜா காலத்துல பத்மநாபபுரம் அரண்மனையில உத்தியோகம். 1741ல குளச்சல் சண்டையில பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் பின்னால ராஜாவோட படைக்கே பெரிய தளபதி ஆனாரு. அவரும் இவரும் சிநேகிதம். வீட்ல கஷ்டத்துக்கு மேல கஷ்டம் வந்து இவர் உடைஞ்சு உட்கார்ந்திருந்தப்ப டிலனாய் யோபு கதையைச் சொன்னாராம். 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம். அதுக்கப்புறம் இவர் செஞ்ச 'குத்தம்' என்னன்னா, எல்லாச் சாதிக்காரங்களோடயும் கலந்து பழகினாரு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாரு. எருமை மேல பின்பக்கமா உட்கார வச்சு ஊர் ஊரா கொண்டு போனாங்க. சிறை, அடி. 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15ல போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர்னு அறிவிச்சாரு. அப்ப பேருக்குப் பின்னாடி இருந்த 'பிள்ளை'யை விட்டுட்டு, வெறும் தேவசகாயம்னு ரோமாபுரியில வாசிச்சாங்க. நான் டிவி முன்னாடி உட்கார்ந்து அழுதேன்.

(அவர் ஞானஸ்நானம் வாங்கின அதே வடக்கன்குளத்துல, பின்னாடி வந்த கோயில்ல சாதிக்கு ஒரு பக்கம்னு நடுவுல சுவர் வச்சிருந்தாங்க. 1910லதான் அதை இடிச்சாங்க. அவர் செத்து நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆனப்புறம். இதை எழுதும்போதே கை நடுங்குது.)

அவருக்கு மீன் குழம்பு வைக்கலாம்னு மிளகாய் வறுத்தேன். எங்க அப்பா ஊர் திருநெல்வேலிப் பக்கம், கடற்கரை ஊர். அம்மியில அரைச்ச குழம்புதான் எங்க வீட்ல. வறுத்துக்கிட்டே இருக்கேன், நெடி ஏறி இருமல் வருது, அப்ப பாட்டி சொன்னது ஞாபகம் வந்துச்சு. அடிச்ச காயத்துல மிளகாய்ப் பொடி தேய்ச்சாங்கன்னு தேவசகாயத்தைப் பத்திச் சொல்லுவாங்க பாட்டி. கண்ணெல்லாம் கலங்கும் அவங்களுக்கு.

அடுப்பை அணைச்சுட்டேன். வறுத்த மிளகாயை அப்படியே டப்பாவுல போட்டு மூடிட்டேன். அவர் இலையில மிளகாய் படக்கூடாது.

மிளகாய் இல்லாம மீன் குழம்பு வச்சுப் பாத்திருக்கீங்களா? மிளகு, சீரகம், இஞ்சி, மஞ்சள், தேங்காய்ப்பால். முதல் தடவை புளி கூடிப்போய் மிளகு எங்கேயோ போயிடுச்சு. ரெண்டாவது தடவை புளியைப் பாதியாக்கி, மிளகை ஒண்ணும் பாதியுமா இடிச்சு, பாதியை முதல்லயும் பாதியை இறக்கும்போதும் போட்டேன். நிறம் பாத்தா மஞ்சளா, நோயாளிக்கு வச்ச மாதிரி இருக்கும். வாயில வச்சா தொண்டையில மெதுவா ஏறி, காது வரைக்கும் சூடு வருது. நோபிலிக்கு அதே குழம்புல மீனுக்குப் பதிலா முருங்கைக்காய். ஒரே மசாலா, ஒரே அடுப்பு. அவர் சைவத்தை நான் கெடுக்க மாட்டேன். இடத்தைத்தான் மாத்த மாட்டேன்.

தேவசகாயத்துக்கு இந்தப் பக்கம் பாமா.

'கருக்கு' வந்தது 1992ல. ஏழு வருஷம் கன்னியர் மடத்துல இருந்துட்டு, அங்கயும் சாதி இருக்கேன்னு வெளிய வந்தவங்க எழுதின புத்தகம். அதுல ஒரு காட்சி. பள்ளிக்கூடம் விட்டு வர்ற சின்னப் பொண்ணு, தெருவுல ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாம, கட்டின கயித்தை மட்டும் பிடிச்சுத் தூக்கிட்டுப் போறதைப் பாக்கறா. அவளுக்கு வேடிக்கையா இருக்கு, ஓடி வந்து அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிக்கறா. அண்ணன் சிரிக்கல. நம்ம ஆளு கை பட்டா தீட்டுன்னுதான் அப்படித் தூக்கிட்டுப் போறாருன்னு விளக்கறாரு. நான் அதைக் கல்லூரி படிக்கும்போது படிச்சேன். அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு, கடையில பஜ்ஜிப் பொட்டலம் வாங்கும்போதெல்லாம் கயித்தைப் பிடிக்காம உள்ளங்கையில வச்சு, எண்ணெய் ஊறினாலும் பரவால்லன்னு அணைச்சு எடுத்துட்டு வருவேன். இப்பவும் அப்படித்தான்.

அவங்க வந்தா என் கையால வாழைக்காய் பஜ்ஜி போட்டு, பொட்டலம் எதுவும் இல்லாம, சட்டியிலேர்ந்து நேரா இலையில வைப்பேன்.

நோபிலி, தேவசகாயம், பாமா. மூணு இலை ஒட்டி ஒட்டி. நோபிலி கேக்கட்டும். அவர் புத்திசாலி, கேட்டா புரிஞ்சுக்குவாரு.

எதிர் வரிசையில கஞ்சி கோஷ்டி. அப்படித்தான் பட்டியல்ல எழுதி வச்சிருக்கேன்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை எல்லாருக்கும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதினவர்னு தெரியும். 1879ல வந்த தமிழோட முதல் நாவல். எனக்கு அவரைப் பிடிக்கறது வேற காரணத்துக்காக. 1876லேர்ந்து 78 வரைக்கும் அடிச்ச தாது வருஷப் பஞ்சத்துல, சொந்தப் பணத்தைப் போட்டுக் கஞ்சித்தொட்டி வச்சு ஊருக்கு ஊத்தினாரு. அதைப் பாத்து நெகிழ்ந்துபோய், நந்தனார் சரித்திரம் பாடின கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் மேல ஒரு கீர்த்தனையே பாடினாரு. சிவபக்தர், ஒரு வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் மேல! மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இவர் மேல குளத்துக் கோவை பாடியிருக்காரு. யாரும் யாருக்காகவும் கொள்கையை விட்டுக்குடுக்கல. சிநேகிதமா இருந்தாங்க, அவ்ளோதான்.

அதே பஞ்சத்துல, வேலூர்ப் பக்கம் ஒரு ஆறேழு வயசுப் பொண்ணு. பசியில கை தூக்கக்கூடத் தெம்பில்லாத பிள்ளைங்க வாயில ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வச்சிருக்கா. ராணிப்பேட்டையில 1870ல பிறந்த ஐடா ஸ்கட்டர். பாத்ததைத் தாங்க முடியாம இந்தப் பக்கமே வர மாட்டேன்னு இருந்தவங்க, ஒரே ராத்திரியில பிரசவ வேதனையில இருந்த மூணு பொண்ணுங்க, ஆம்பளை டாக்டர் தொடக்கூடாதுன்னு செத்துப்போனதைப் பாத்து, டாக்டருக்குப் படிச்சுட்டு 1900ல திரும்பி வந்தாங்க. வேலூர் ஆஸ்பத்திரி, 1918ல பொண்ணுங்களுக்கு மருத்துவப் பள்ளி. இவங்களையும் வேதநாயகத்தையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சா, 1877ல நீங்க எங்க இருந்தீங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் கேப்பாங்கல்ல?

ஐடாவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் சாந்தா அம்மா. கிறிஸ்தவர் வீட்டு விருந்துன்னா கிறிஸ்தவங்கதான் வரணுமா என்ன? அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954ல 12 படுக்கையோட ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே வந்து சேர்ந்த சாந்தா அம்மா, 2021ல இறக்கற வரைக்கும் அங்கயே, அந்த வளாகத்துக்குள்ளயே ஒரு அறையில வாழ்ந்தாங்க. எங்க அம்மாவை அங்க கூட்டிட்டுப் போன நாள்கள்ல, வராந்தா பெஞ்சுல ஒரு பக்கம் திருவண்ணாமலை விவசாயி, ஒரு பக்கம் தி.நகர் நகைக்கடைக்கார வீட்டம்மா. எங்க அம்மா அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உட்கார்ந்து தூக்குலேர்ந்து இட்லி எடுத்துக் குடுப்பாங்க. அது போதும் எனக்கு, சாந்தா அம்மாவை விருந்துக்குக் கூப்பிட.

இந்த வரிசைக்கு முதல்ல ஒரு டம்ளர் கேப்பங்கஞ்சி. சின்ன வெங்காயம். அப்புறம்தான் மத்தது.

வீரமாமுனிவரைச் சும்மா விட முடியுமா! தேம்பாவணி, சதுரகராதி எல்லாம் பெரியவங்க பேசட்டும். எனக்குப் பரமார்த்த குரு கதை. பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு நம்பி வாங்கிட்டு வர்ற சீடர்களை நினைச்சு சின்ன வயசுல வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன். இத்தாலியிலேர்ந்து வந்த மனுஷன் நம்ம பாட்டிங்க மாதிரி கதை சொல்றாரே! எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் வித்தியாசம் தெரியற மாதிரி எழுத்தைத் திருத்தினதும் அவருதான். அது இல்லாட்டி நான் 'தேன்'னு எழுதினா நீங்க 'தென்'னு படிச்சிருப்பீங்க. அவருக்குப் பூசணிக்காய் கூட்டுதான். இலையில வைக்கும்போது, "சாமி, குதிரை முட்டை"ன்னு சொல்லுவேன். சிரிப்பாருன்னு நினைக்கறேன்.

இத்தனை பேரும் ஒரே பந்தியில உட்கார்ந்தா அதுக்கு எங்க அப்பா ஊர்ல ஒரு பேரு இருக்கு. அசனம். கோயில் திருநாளுக்கு ஊர் மொத்தமும் சேர்ந்து பொங்கிச் சாப்பிடறது. அண்டா அண்டாவா சோறு வடிச்சு, புதுப் பாய்ல மலை மாதிரி கொட்டுவாங்க. கத்திரிக்காய் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு. வர முடியாதவங்களுக்கு ஓலைப்பெட்டியில கட்டிக் குடுத்து விடுவாங்க. எங்க அப்பா சின்னப் பையனா இருந்தப்ப அங்கயும் ஒரு தெருக்காரங்களுக்குத் தனி வரிசையாம். ஒரு வருஷம் எங்க தாத்தா தன் ஓலைப்பட்டையைத் தூக்கிட்டுப் போய் அந்த வரிசையில உட்கார்ந்துட்டாரு. ரெண்டு வருஷம் ஊர்ல அவரோட யாரும் சரியாப் பேசல. மூணாவது வருஷம் வரிசையே இல்ல. தாத்தா இதை ஒரு தடவைகூடத் தன் வாயால சொன்னதில்ல. பாட்டிதான் சொன்னாங்க.

ஆக, பட்டியல்ல தாத்தாவும் உண்டு. அந்தப் பையன் சொன்ன மாதிரியே.

இன்னும் ஒரே ஒரு இலை. அது யாருக்குன்னு முதல்லயே தெரியும் எனக்கு. பேருதான் தெரியாது.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்த மயிலாப்பூர் துறைமுகம். தாலமி கிரேக்க மொழியில 2ஆம் நூற்றாண்டுல எழுதி வச்ச ஊர்ப் பேர்ல ஒண்ணு மயிலாப்பூர்தான்னு சொல்றாங்க. கப்பல் வரும் போகும், அந்நியர் முகம் புதுசில்ல. ஒரு நாள் சாயங்காலம், வாசல்ல ஒரு ஆளு. தாடி, புழுதி, பேச்சு புரியல. பசிக்குதுன்னு மட்டும் புரிஞ்சிருக்கும், அதுக்கு பாஷை எதுக்கு? ஒரு அம்மா உள்ள போய் என்ன எடுத்துட்டு வந்திருப்பாங்க?

மிளகாய் இருந்திருக்காது. அது போர்த்துகீசியர் கப்பல்ல வந்தது. தக்காளி இல்ல, உருளைக்கிழங்கு இல்ல. சோறு இருந்திருக்கும். மோர். மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய். கடற்கரை ஊர், மீன் இல்லாமலா?

இதை யோசிச்சுக்கிட்டே அடுப்படியில நிக்கறேன், கையில கரண்டி. எதிர்ல தேவசகாயத்துக்காக வச்ச அந்த மஞ்சக் குழம்பு. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய்ப்பால், மீனு.

அப்படியே நின்னுட்டேன் கொஞ்ச நேரம். அவருக்காக மிளகாயை ஒதுக்கப்போய், அந்த அம்மா சட்டிக்கிட்டயே வந்து நிக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே குழம்பு. இனிமே அதுல எதையும் மாத்தறதா இல்ல.

இந்த ஞாயிறு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். "யாரு சோறு போட்டாங்கன்னு எனக்கும் தெரியலம்மா. ஆனா என்ன போட்டிருப்பாங்கன்னு சமைச்சுப் பாத்தேன்." கண்ணை விரிச்சு, "எங்களுக்கும் குடுப்பீங்களா மிஸ்?"னா.

ஜூலை 3 தோமையார் திருநாள். பதினோரு பேரையும் மாடிக்கு வரச் சொல்லிட்டேன். மீன்கார அக்கா கண்டிப்பா வரேன்னுட்டாங்க. இஸ்திரிக்காரரும் வருவாரு, கரி அவரோடது. இலை தி.நகர் மார்க்கெட்ல சொல்லியாச்சு. ஒரு தலைவாழை இலையை மட்டும் படிக்கட்டு ஏறினதும் முதல் இடத்துல போட்டு வைக்கணும், யாரையும் உட்கார வைக்காம.

அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேட்டா. உட்கார்ந்து சாப்பிட மாட்டாளாம். அவதான் பரிமாறணுமாம். அம்மாவோட சேலையைக் கட்டிக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கா.